நடுகல் கருத்தரங்கும் வாட்ஸ்அப்பும் யூடியூபும்: சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்ததில்

கிருஷ்ணகிரியில் ஆண்டுக்கொரு முறை நாங்கள் நடத்தும் வரலாற்றுக் கருத்தரங்குக்குப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் வருவார்கள். அப்புறம், தங்கள் நிலத்தில் நிற்கும் பழைய கல் என்னவென்று கேட்டுப்போக வரும் விவசாயிகளும் இருப்பார்கள். பேசுபொருள் நடுகல் (இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கல்), கற்திட்டை (பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னம்), கல்வெட்டு. 2019 முதல் இதன் சமூக ஊடக வேலையை நான் பார்த்துவருகிறேன். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியானது ஒன்று: நேரலைக்குப் போடும் உழைப்பில் பாதியைக் கருத்தரங்குக்கு முந்தைய வாரங்களுக்கும் பிந்தைய மாதங்களுக்கும் மாற்றினால் பலன் பல மடங்கு.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குகிறேன், எங்களுக்கு அதிகம் கொடுத்தது அதுதான். ஆரம்பத்தில் ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும். ஓசூர் பக்கத்துக்கு ஒன்று, கிருஷ்ணகிரி பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து ஓட்டினோம். 2022-இல் அந்த வரம்பு முதலில் 512, பிறகு 1024 என்று உயர்ந்ததும் ஒன்றாக்கிவிட்டோம். அதே ஆண்டு மே மாதம், மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்து மண்ணுக்கு இவ்வளவு பழமையா என்று கேட்டு வந்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ள அந்தப் பெரிய குழு உதவியது.

குழு இருந்தால் மட்டும் போதாது. "அனைவரும் வருக" என்ற அழைப்பிதழ்ப் படத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. கருத்தரங்குக்கு இரண்டு வாரம் முன்பு, "உங்கள் ஊரில் வேடியப்பன் என்று கும்பிடும் கல்லைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டபோதுதான் குழு உயிர்பெற்றது. பர்கூர், போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரை என்று நாலா பக்கமிருந்தும் படங்கள் வந்தன. இங்கே வேடியப்பன் என்று வழிபடப்படும் கற்களில் பல, ஆநிரை மீட்கும் சண்டையிலோ புலியோடு போராடியோ இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள். வந்த படங்களில் சிலவற்றைப் பேச்சாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். அவர் திரையில் ஒரு வீரனின் கையிலிருக்கும் வில்லைக் காட்டி, "இது காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த படம்" என்றதும், அனுப்பியவர் மட்டுமில்லை, அவர் கூட்டிவந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். கேட்க வந்தவரைப் பங்கேற்பவராக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

அரங்கில் மைக்கைக் கொடுத்தால் வழக்கமாகப் பேசும் நாலு பேர்தான் பேசுவார்கள். அதனால் கேள்விகளை ஒரு எண்ணுக்கு எழுத்தாகவோ குரல்பதிவாகவோ அனுப்பச் சொன்னோம். கல்லூரி மாணவிகளின் கேள்விகள் அன்றுதான் மேடைக்கு வந்தன, அவற்றில் பல அன்றைய சிறந்த கேள்விகள். அவையோரின் கேள்விகளைத் திரட்டும் இணையச் செயலியான ஸ்லைடோவையும் முயன்றோம். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கேள்வி போடுவது மாணவர்களுக்குப் பிடித்தது. பெரியவர்களுக்கு இன்னொரு பக்கத்தைத் திறப்பது சுமையாகத் தெரிந்தது. எங்களைப் போன்ற கலவையான அவைக்குக் குரல்பதிவே சரி.

யூடியூப் நேரலைக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கைபேசியிலிருந்தே நேரலை போக வேண்டுமென்றால் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல்முறை அந்த வசதியை இயக்கினால் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே முந்தைய நாள் இரவு உட்கார்ந்து பயனில்லை. விழா தொடங்கும் முன் அரங்கில் சினிமாப் பாட்டுப் போட்டால் பதிப்புரிமைக் கோரிக்கை வந்துவிடும், ஒலிபெருக்கிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரலையைப் பார்ப்பவர்கள் சிலரே. பதிவை 00:00-இலிருந்து நேரக்குறிப்பு போட்டு, தலைப்புவாரியாகப் பிரித்துவைத்தால் மாதக்கணக்கில் பார்க்கிறார்கள்.

ஃபேஸ்புக் எங்களை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது. போசளர் (ஹொய்சாளர்) தலைநகராக இருந்த, எங்கள் மாவட்டத்துக் குந்தாணி பற்றிய உரையின் சிறு துண்டைப் போட்டபோது கோலார், குப்பம் பக்கத்திலிருந்து கன்னடத்திலும் தெலுங்கிலும் பின்னூட்டம் வந்தது. ஓசூர் வட்டாரக் கல்வெட்டுகளில் கன்னடம் நிறைய இருப்பதால் அந்த வாசகர்கள் எங்களுக்கு உண்மையான உதவி. ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து ஃபேஸ்புக் நேரலைப் பதிவுகள் 30 நாளில் நீக்கப்படுகின்றன. உடனே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பதிவுகளில் மிக அதிகம் பரவியது உரை எதுவுமில்லை, ஒரு நிமிடக் காணொளி. கல்லில் எழுத்து தெரியவில்லை என்று மக்கள் சுண்ணாம்பு பூசுவதும் மாவு தேய்ப்பதும் உண்டு, சிலர் ஆணியால் கீறியும் விடுகிறார்கள். அதெல்லாம் வேண்டாம், இருட்டிய பின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும் என்று செய்துகாட்டினோம். அதன் பிறகு குழுவுக்கு வரும் படங்களின் தரமே மாறியது.

கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வீச்சு கூடக்கூட ஆபத்தும் கூடும். கற்திட்டைக்கு அடியில் புதையல் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உண்டு. ஆர்வத்தில் ஒருவர் ஒரு கல்லின் லொகேஷனைப் பொதுவில் பகிர்ந்தார். சில வாரங்களில் அந்தக் கல்லைச் சுற்றிக் குழி தோண்டப்பட்டிருந்தது. மனது ஆறவில்லை. அதிலிருந்து எங்கள் விதி கடுமையானது: பொதுப் பதிவில் வட்டத்தின் பெயர் மட்டும்தான், ஊரும் வழியும் கிடையாது. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதிலுள்ள இடக்குறிப்பு நீங்கிவிடும், எழுத்தின் கூர்மையும் குறையும். டாகுமெண்டாக அனுப்பினால் கூர்மை அப்படியே இருக்கும், கைபேசி பதிந்த இடக்குறிப்பும் கூடவே போகும். ஆகவே கல்வெட்டைப் படிக்க வேண்டிய ஆய்வாளருக்கு டாகுமெண்ட், தனியாக. குழுவுக்குச் சாதாரணப் படம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் செய்தியே இதுதான்.

2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலையும் வைத்திருக்கிறோம். அறிவிப்புக்கு நல்லது, உரையாடலுக்கு உதவாது. இந்த ஆண்டு முதல், அரங்கில் நேரமின்றி விடுபட்ட கேள்விகளுக்குப் பேச்சாளர்கள் குரல்பதிவில் பதில் தருகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பதில் என்று குழுவில் போடுகிறோம்.