எந்த மருந்து கேட்கும்? இருமுனையக் கோளாறில் மரபணுச் சோதனைகள்: ஓர் ஒப்பீடு

பைபோலார் என்று பலரும் அறிந்திருக்கும் இருமுனையக் கோளாறில், மருந்தைத் தேர்வதைவிட அது கேட்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. காய்ச்சல் மாத்திரையைப் போல மறுநாள் காலையில் விடை கிடைத்துவிடாது. மேனியா என்ற கட்டுக்கடங்காத உற்சாக நிலையும் மனச்சோர்வும் திரும்பி வராமல் லித்தியம் என்ற மருந்து தடுக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல ஓரிரு வருடங்கள்கூட ஆகலாம். அதற்குள் இன்னொரு முறை மேனியா வந்து வேலையோ, சேமிப்போ, திருமணமோ குலைந்துபோயிருக்கும். எச்சிலையோ ரத்தத்தையோ கொடுத்தால் பொருத்தமான மருந்தை முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்ற விளம்பரம் ஈர்ப்பதில் வியப்பில்லை.

இப்படிச் சொல்லும் வழிகள் பல இருக்கின்றன. ஒன்றுக்கொன்று போட்டி போல் தோன்றினாலும் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. மருந்து கேட்குமா என்பது ஒன்று, எவ்வளவு கொடுக்கலாம் என்பது இன்னொன்று, உடம்புக்கு ஆபத்தாகுமா என்பது மூன்றாவது. மக்கள் காசு கொடுப்பது முதல் கேள்விக்காக. மரபணுவியலின் பதில் மிகவும் பலவீனமாக இருப்பதும் அங்கேதான்.

லித்தியத்திலிருந்து தொடங்குவோம். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த நோயின் தடுப்பு மருந்துகளில் இதற்குத்தான் முதலிடம். தோராயமாக மூன்றில் ஒருவருக்கு மிக நன்றாகக் கேட்கும். நோய் இருந்ததே தெரியாத அளவுக்குச் சிலர் தேறிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அரைகுறையாகவோ, ஏறக்குறைய இல்லாமலோ போகும். இவ்வளவு தெளிவான வேறுபாடு இருப்பதால், இதற்குப் பின்னால் ஒரு மரபணு இருக்கும் என்று தேடினார்கள்.

2014-ல் தைவானிலிருந்து வந்த ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஜிஏடிஎல்1 என்ற மரபணுவில் உள்ள ஒரே ஒரு மாறுபாட்டைப் பார்த்தாலே லித்தியம் கேட்கக்கூடியவர்களில் 93 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்துவிடலாம் என்றது. மருத்துவத்தில் இவ்வளவு அழகான எண் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. ஜப்பானிலும், பல நாட்டு நோயாளிகளின் மாதிரிகளிலும் தேடியபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. 2016-ல் லித்திய மரபியலுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு, 22 மையங்களில் 2,563 நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்தது. அதற்குக் கிடைத்ததோ 21-ஆம் குரோமோசோமில் வேறொரு இடம். இந்த இடத்தை நம்ப ஓரளவு காரணம் உண்டு. லித்தியம் மட்டுமே எடுத்த 73 பேரை இரண்டு வருடம் கவனித்தபோது, சாதகமான வகை இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆனால் ஒரு தனி ஆளின் கையில் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுக்க அது போதாது.

ஏன் இத்தனை தடுமாற்றம்? மரபணுவைப் படிப்பது இன்று சுலபம். 'கேட்டது' என்பதை அளப்பதுதான் கடினம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஆல்டா அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளி எவ்வளவு தேறினார் என்பதற்கு 10-க்கு மதிப்பெண் போடுவார்கள். பிறகு அதிலிருந்து கழிக்கத் தொடங்குவார்கள். லித்தியத்துக்கு முன் எத்தனை முறை நோய் வந்தது, எவ்வளவு அடிக்கடி வந்தது, மருந்தை எத்தனை காலம் எடுத்தார், ஒழுங்காக எடுத்தாரா, கூடவே வேறு மருந்தும் எடுத்தாரா என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 2 வரை கழியும். ஒன்பது வாங்கியவர் கூடவே இன்னொரு மனநிலை மருந்தும் எடுத்து, மாத்திரையை அவ்வப்போது மறந்தும் இருந்தால் ஆறுக்கோ ஐந்துக்கோ இறங்கிவிடுவார். ஏழும் அதற்கு மேலும் இருந்தால்தான் 'நன்றாகக் கேட்டவர்' பட்டியலில் இடம். பழைய மருத்துவக் குறிப்புகளையும் நினைவையும் வைத்து இத்தனையும் கணக்கிட வேண்டும். அளவே இப்படி ஆடினால், அதை வைத்துத் தேடுகிற மரபணுவும் ஆடத்தான் செய்யும்.

இதற்குப் பக்கத்தில் ஆய்வகமே தேவைப்படாத ஒரு வழியை வைத்துப் பார்க்கலாம்: குடும்ப வரலாறு. 2002-ல் பால் கிரோஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், லித்தியம் நன்றாகக் கேட்டவர்களின் உறவினர்களில் இதே நோய் இருந்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களில் 67 விழுக்காட்டினருக்கு லித்தியம் கேட்டது. ஒப்பீட்டுக் குழுவில் 35 விழுக்காடுதான். சிறிய ஆய்வுதான். ஆனால் மருத்துவர்கள் நேரில் காண்பதோடு பொருந்துகிறது. நோய் வந்துபோகும் விதமும் இதேபோல் துப்பு கொடுக்கும். முதலில் மேனியா, அடுத்து மனச்சோர்வு, அப்புறம் முழுக்கத் தெளிந்த இடைவெளி என்று ஒழுங்காக வருபவர்களுக்கு லித்தியம் கேட்கும் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு நான்கு முறையும் அதற்கு மேலும் சுழன்று வருபவர்களுக்குக் குறைவு. "உங்கள் அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ இந்த நோய் இருந்ததா, எந்த மருந்தில் நின்றது?" என்ற கேள்விக்குச் செலவு இல்லை. இதுவும் மரபணுத் தகவல்தான். எந்த மரபணு என்று தெரியாமலே கிடைப்பது, அவ்வளவே.

பல்லாயிரம் மாறுபாடுகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் பன்மரபணு மதிப்பெண் இந்த இடத்தில் சுவாரசியமாகிறது. 2018-ல் வந்த ஆய்வொன்றில், மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியாவுக்கான மதிப்பெண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு லித்தியம் கேட்கும் வாய்ப்பு குறைந்தது. லித்தியம் கேட்காதவர்களின் குடும்பங்களில் மனச்சிதைவு சார்ந்த நோய்கள் கூடுதலாகத் தென்படுகின்றன என்று பழைய குடும்ப ஆய்வுகள் சொன்னதைத்தான் இது எண்ணில் சொல்கிறது. கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் போக்கு தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு, இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளில் உருவானவை. மற்றவர்களிடம் அவற்றின் கூர்மை குறைகிறது. என்னைக் கேட்டால், இன்றைய நிலையில் குடும்ப வரலாறு இதை எளிதாக ஜெயிக்கும்.

இனி, கடையில் உண்மையிலேயே விற்கப்படும் சரக்குக்கு வருவோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மருந்துகளைப் பிரித்துக் காட்டும் அறிக்கைகள். இவற்றின் மையத்தில் இருப்பவை, கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள். முக்கியமாக சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19. அறிவியல் உறுதியானதுதான். இந்த நோய்க்குத் தரப்படும் அரிப்பிபிரசோல் சராசரியாக 75 மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறையும். சிஒய்பி2டி6 வேலை செய்யாதவர்களிடம் அதற்கு 146 மணி நேரம் ஆகும். அப்படிப்பட்டவர்களுக்குப் பாதி அளவே கொடுக்க வேண்டும் என்று மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது.

ஆனால் லித்தியம் கல்லீரலில் சிதைவதே இல்லை. சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறும் உப்பு அது. ஆகவே இந்த நோயின் தலையாய மருந்தைப் பற்றி இந்த நொதிப் பட்டியல் வாய் திறக்காது. அறிக்கையில் லித்தியம் பச்சைக் கட்டத்தில் இருந்தால், 'தகவல் இல்லை' என்று அதற்குப் பொருள். 'உங்களுக்குக் கேட்கும்' என்று படித்துவிடக் கூடாது. லித்தியத்தின் அளவை முடிவு செய்ய ரத்தத்தில் அதன் செறிவைப் பார்த்தால் போதும், லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் என்பது நெடுநாள் தடுப்பில் வழக்கமான இலக்கு. எந்த மரபணு அறிக்கையையும்விட அந்த ஒற்றை எண் நம்பகமானது.

மற்ற மருந்துகளிலும் மரபணு பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பிறப்பில் சிஒய்பி2டி6 நன்றாக இருக்கும் ஒருவர் மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளுவாக்செட்டினோ பியூப்ரோபியானோ எடுத்தால், அந்த நொதி முடங்கி, அவர் நொதியே இல்லாதவர் போல் ஆகிவிடுவார். ஓலன்சபின் எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து ஏறும். லமோட்ரிஜின் என்ற மனநிலை மருந்தோடு வால்ப்ரோயேட் என்ற இன்னொன்று சேர்ந்தால் லமோட்ரிஜினின் அளவு இரண்டு மடங்காகும்; ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சேர்ந்தால் பாதியாகலாம். ஒருவர் என்னென்ன மாத்திரை விழுங்குகிறார், புகைக்கிறாரா என்று கேட்டு எழுதும் மருத்துவருக்கு, வண்ண அறிக்கை தருவதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

இன்னொரு விஷயத்தை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. இந்தப் பட்டியல்களுக்கு ஆதரவாகக் காட்டப்படும் பெரிய சோதனைகள் மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்தவை. இருமுனையக் கோளாறு உள்ளவர்களை அவற்றில் சேர்க்கவே இல்லை. மனச்சோர்விலேயே பலன் பெரிதாக இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான சோதனையில், தேறியவர்களின் விகிதத்தில், மரபணு அறிக்கையைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் தெரிந்த சிறு முன்னிலை 24-ஆம் வாரத்தில் நிற்கவில்லை. குறிப்பிட்ட மருந்து கேட்குமா என்று அங்கீகாரம் இல்லாமல் சொல்லும் மரபணுச் சோதனைகளைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரித்தது.

இவை எல்லாவற்றையும் ஓரம் கட்டும் ஒரு சோதனை உண்டு. மருந்து கேட்குமா என்ற கேள்வி பக்கமே அது போவதில்லை. மேனியாவுக்குத் தரப்படும் கார்பமசெபின் அரிதாகச் சிலருக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியை உண்டாக்கும். தோலும் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரியும், உயிரும் போகலாம். 2004-ல் தைவானில் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபு வகை 44 பேரிடமும் இருந்தது. மருந்தைப் பிரச்சினையின்றி எடுத்தவர்களில் அது 3 விழுக்காட்டினரிடம் மட்டுமே. 2011-ல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, அந்த வகை இருந்த 7.7 விழுக்காட்டினருக்குக் கார்பமசெபின் கொடுக்காமல் விட்டார்கள். பழைய கணக்குப்படி சுமார் 10 பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய் ஒருவருக்கும் வரவில்லை. மரபணுவைப் பார்த்து மருந்தை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மனநல மருந்துகளில் எனக்குத் தெரிந்து இல்லை.

சில நுணுக்கங்கள்: இந்த வகை தென்சீனா, தென்கிழக்கு ஆசியப் பகுதிகளில் அதிகம், தெற்காசியர்களிடம் இடைநிலை, சராசரியாக 2 முதல் 4 விழுக்காடு, ஐரோப்பியரிடம் மிக அரிது. வகை இருந்தாலும் பெரும்பாலோருக்கு அந்த நோய் வராது. ஆனால் மாற்று மருந்துகள் இருக்கும்போது யார் பரிசோதித்துப் பார்ப்பார்கள்? ஆபத்து பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். ஆண்டுக்கணக்கில் கார்பமசெபினை நன்றாக எடுத்து வருபவர் இப்போது போய்ச் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை. எச்எல்ஏ-பி*15:02 இல்லை என்று வந்தாலும் முழு அடைக்கலம் கிடைத்துவிடாது, எச்எல்ஏ-ஏ*31:01 என்ற இன்னொரு வகையும் தோல் எதிர்வினைகளோடு தொடர்புடையது.

வால்ப்ரோயேட்டுக்கும் இதேபோல் ஒன்று உண்டு: பிஓஎல்ஜி மரபணுக் கோளாறு இருந்தால் கல்லீரல் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து. ஆனால் அது அரிய நோய். காரணம் புரியாத வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு போன்ற அறிகுறிகளோ குடும்ப வரலாறோ இருந்தால்தான் தேடுவார்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் வால்ப்ரோயேட்டைத் தவிர்க்கக் காரணம் கருவுக்கு வரும் பாதிப்பு; அதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

எதிர்காலத்தில் போட்டியிடக்கூடிய வழி, மரபணுப் பட்டியலையே தாண்டிப் போகிறது. 2015-ல் அமெரிக்காவின் சால்க் நிறுவன ஆய்வாளர்கள் நோயாளிகளின் தோல் செல்களிலிருந்து, வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய குருத்தணுக்களை உருவாக்கி, அவற்றை நரம்பணுக்களாக வளர்த்தார்கள். இருமுனையக் கோளாறு உள்ளவர்களின் நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடித்தன. லித்தியம் கேட்கும் நோயாளிகளின் அணுக்களை மட்டுமே லித்தியம் அமைதிப்படுத்தியது. முதல் கேள்விக்கு நேராக விடை சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் இப்படி அணு வளர்க்க மாதக்கணக்கில் ஆகும், செலவும் எக்கச்சக்கம். ஆய்வுக்கூடத்தை விட்டு அது வெளியே வர இன்னும் நாளாகும்.

நானாக இருந்தால் கார்பமசெபின் தொடங்கும் முன் எச்எல்ஏ சோதனையைக் கேட்டு வாங்குவேன். அரிப்பிபிரசோல் அல்லது ரிஸ்பெரிடோன் சாதாரண அளவிலேயே படுத்தி எடுத்தால் சிஒய்பி2டி6-ஐப் பார்க்கச் சொல்வேன். லித்தியத்துக்கு மரபணு அறிக்கை வாங்க மாட்டேன். வீட்டில் யாருக்கு எது கேட்டது என்று விசாரிப்பேன். ஏற்கெனவே லித்தியத்தில் நன்றாக இருப்பவர், ஏதோ ஒரு அறிக்கையில் வேறு நிறம் வந்தது என்று மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. லித்தியத்தைச் சட்டென்று விட்டால் மேனியா திரும்பும் ஆபத்தும் தற்கொலை ஆபத்தும் கூடுகின்றன.