சிபிஎல் ஃபில்டர் ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

67 எம்எம் சிபிஎல் ஒண்ணு (லென்ஸ் முன்னாடி மாட்டித் திருப்புற போலரைசர், பளபளப்பக் கொறைக்கும்), கம்பெனி பேரு வேணாம், மீடியம் ரேட்டுதான். மொதல்ல எடுத்துட்டுப் போனது பிச்சாவரம். படகுல உக்காந்து முன் வளையத்த மெதுவா திருப்புறேன், இலை மேல இருந்த வெள்ளப் பளபளப்பு அப்படியே வடிஞ்சு பச்ச மேல வருது, வேர் தண்ணிக்குள்ள எறங்குற எடம் வரைக்கும் தெரியுது, படகுக்கார அண்ணன் எட்டிப் பாத்துட்டு "என்ன தம்பி தண்ணியக் கழுவிட்டியா"ன்னாரு.

இத லைட்ரூம் மாதிரி போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல பண்ண முடியாதுங்க. மூட்டத்தக் கொறைக்கிற டீஹேஸ் ஸ்லைடர இழுத்தா வானம் நீலமாகும், ஆனா பளபளப்புல மறைஞ்சு போனது எப்படி இழுத்தாலும் திரும்ப வராது.

சூரியன் நம்ம தோள்பட்டை பக்கம், 90 டிகிரில இருந்தாதான் வானத்துல வேலை செய்யும், முதுகுக்குப் பின்னாடி இருந்தா சும்மா ஒண்ணு ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப்னா பாதியாக் கொறையுறது) போறதுதான் மிச்சம். 16 எம்எம் வைட் லென்ஸ்ல போட்டேன், அவ்ளோ அகலமா வானம் விழுறதால ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு, அத எடிட்ல மாஸ்க் போட்டு, அதாவது அந்த எடத்த மட்டும் பிரிச்சு, சரி பண்ணவே அரை மணி நேரம் போச்சு, சரியாவும் வரல.

ஒரு கடுப்பு, ஃபில்டர் வளையம் கழட்ட முடியாம லென்ஸ்ல இறுகிப் போச்சு. கடையில கேட்டா "அப்படித்தான் சார் இருக்கும்"னு சொல்றாங்க. கடைசில ரப்பர் பேண்ட் சுத்தித் திருப்புனேன், வந்துருச்சு.

வானத்த மட்டும் இருட்டாக்க மேல் பாதி கருப்பா இருக்குற கிராஜுவேட்டட் ஃபில்டர் நான் வாங்கல. ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சத அப்படியே வெச்சிருக்குற ஃபைல்) எடுத்து, வானம் வெளுக்காம பாத்துக்கிட்டா அந்த வேலைய சாஃப்ட்வேர்லயே முடிச்சிரலாம். லைட்ரூமுக்கு மாசச் சந்தா கட்ட மனசில்லனா டார்க்டேபிள் இருக்கு, ஃப்ரீ, பழக மட்டும் கொஞ்சம் நாளாகும்.