வள்ளி கலியாணத் தஞ்சாவூர்ப் படம்: கொழும்பு வீட்டுக்கு எது சரிவரும்?

புதுமணத் தம்பதியருக்குக் கொடுக்க, 15க்கு 12 அங்குல வள்ளி கலியாணப் படத்தைவிடப் பொருத்தமான தஞ்சாவூர்ப் படம் இல்லை. வெள்ளவத்தையில் வாங்கினாலும் செட்டியார் தெருப் பக்கம் வாங்கினாலும், தங்கத்தைப் பார்க்க முதல் உருவங்களின் உயரத்தைப் பாருங்கள். நடு உருவம் பெரிது, பக்கத்து உருவங்கள் சிறிது என்பது தஞ்சாவூர்ப் பாணியின் வழக்கம். பட்டாபிஷேகப் படத்துக்கு அது அழகு; இந்தக் கதைக்குப் பொருந்தாது. தேவசேனாபதியான முருகன் தினைப்புனம் காத்த வேடர் மகளிடம் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் போய் நின்றார், தேனும் தினைமாவும் வாங்கி உண்டார். அவளை அவருடைய இடுப்பளவில் பொம்மைபோல நிறுத்தினால் கதையே போய்விடுகிறது. நல்ல படத்தில் முருகனின் தலை அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கை பிடித்த இடத்தையும் கவனியுங்கள்: மணிக்கட்டைப் பிடித்திருந்தால் இழுத்துப் போவதுபோலத் தெரியும், விரல்களைத் தாங்கியிருந்தால்தான் கலியாணம்.

வள்ளிக்குத் தெய்வானையின் கிரீடத்தை அப்படியே வைத்துவிடும் படங்களும் உண்டு; வேடர் மகளுக்கு அது பொருந்தாது. குன்றிமணி மாலை, வேங்கைப் பூ, பின்னால் தினைக்கதிர் இருக்கிறதா என்று தேடுங்கள். வள்ளியின் தகப்பன் நம்பிராசன் மூலையில் ஒளிந்திருக்கக் கூடாது. வள்ளியோடு போன முருகனை விரட்டி வந்து மாண்ட வேடரை, அவர் சொல்ல, வள்ளியே எழுப்புகிறாள் என்கிறது கந்தபுராணம். அதன்பிறகுதான் ஊர் திரும்பி, தகப்பன் கையால் முறையான கலியாணம். அந்த மனிதர் மருமகனுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் படமே வடிவு.

இனி வேலைப்பாடு. பலகையில் துணி ஒட்டி, கோடு வரைந்து, ஜெய்ப்பூர்க் கல் பதித்து, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த மக்கினால் நகைகளையும் தூண்களையும் புடைப்பாக்கி, அதன்மேல் 22 கரட் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்ட வேண்டும். மக்கு நன்றாகக் காயமுன் ரேக்கு ஒட்டினால் சில மாதத்தில் வெடிப்பு விழும். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பும் தெரியும். உண்மை ரேக்கு மிதமான, கண்ணை உறுத்தாத மஞ்சள், கல்லைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் இருக்கும். பித்தளை ரேக்கு கண்ணைப் பறிக்கும், ஆனால் மரைன் டிரைவ் உப்புக் காற்றில் ஓரங்களிலிருந்து கறுக்கும். முகத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்; புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு.

கொழும்பில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். மெல்லிய பிளைவுட் ஈரத்தை உறிஞ்சி வளையும், வளைந்தால் மக்கு பெயரும். அதனால் 12 மில்லிமீற்றர் நீர்தாங்கும் பிளைவுட்டையே கேளுங்கள். கண்ணாடி புடைப்பைத் தொடவே கூடாது. தொட்டால் உள்ளே வியர்க்கும் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். புடைப்புக்கும் கண்ணாடிக்கும் 5 மில்லிமீற்றராவது இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே சட்டம் போட்ட படமானால் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே இடைவெளி தெரியும். சட்டம் தேக்கு என்றால் நல்லது. இதில் செலவைக் குறைத்தால் கரையான் வரும்.

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உட்சுவரானாலும் சட்டத்தின் பின் கீழ்மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும். கண்ணாடி போட்ட படம் பாரமானது, ஒற்றை ஆணி போதாது, இரண்டு கொக்கி வேண்டும். சுவாமி அறையென்றால் விளக்குப் புகை நேரே படாத பக்கம். உள்ளே வெண்புள்ளி கண்டால் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வரும். சட்டத்தைத் திறந்து, நிழலில் காயவைத்து, உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுங்கள்.