பத்தாவது நாற்காலி ரயனுக்கா, பெட்ரோவுக்கா?

பேர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு ஹூஸ்டனிலிருந்து 288-இல் போகிறவர்கள் கவனித்திருக்கலாம், பிரசோரியா கவுண்டிக்குள் நுழைந்ததும் அந்தச் சாலைக்கு நோலன் ரயன் எக்ஸ்பிரஸ்வே என்று பெயர். ரயன் பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். அவர் வளர்ந்த ஆல்வின் என்ற ஊர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான். இந்தப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ரயனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்வது, மதுரைக்காரரிடம் ஜிகர்தண்டா சுமார்தான் என்று சொல்வது மாதிரி. அதைத்தான் போன மாதம் செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் பழைய மைதானமான ஆஸ்ட்ரோடோமில் உட்கார்ந்து ரயன் வீசியதைப் பார்த்தவர். பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த பத்து பிட்சர்களை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதுவது என்று அவரோடு ஒரு பந்தயம். ஒன்பது பேர் எனக்குச் சிரமமில்லாமல் வந்துவிட்டார்கள்: வால்டர் ஜான்சன், சை யங், கிறிஸ்டி மேத்யூசன், குரோவர் அலெக்சாண்டர், லெஃப்டி குரோவ், சாட்செல் பேஜ், டாம் சீவர், கிரெக் மேடக்ஸ், ராண்டி ஜான்சன். ரோஜர் கிளெமன்ஸை எடுக்கவில்லை. ஊக்கமருந்துப் புகாருக்குள் நுழைந்தால் பந்தயமே அந்தச் சண்டையாகிவிடும் என்று இரண்டு பேருமே முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். மிச்சமிருந்தது ஒரு நாற்காலி. அவர் யோசிக்காமல் ரயன் என்று எழுதினார். நான் இரண்டு வாரம் இழுத்தடித்து பெட்ரோ மார்ட்டினெஸ் என்று எழுதினேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரயன் 27 சீசன் ஆடினார், 5,714 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), ஏழு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்காத ஆட்டம்). ஏழாவதை 1991 மே மாதம் டொராண்டோவுக்கு எதிராக வீசும்போது அவருக்கு 44 வயது. 1973-இல் ஒரே சீசனில் 383 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தது இன்னும் நவீன காலச் சாதனை. பெட்ரோவுக்கு 3,154 ஸ்ட்ரைக்அவுட், 219 வெற்றி, 100 தோல்வி, மூன்று சை யங் விருது (லீகின் சிறந்த பிட்சருக்கு வருஷா வருஷம் கொடுப்பது), 2004-இல் பாஸ்டனுடன் உலகத் தொடர். ரயனுக்கு சை யங் விருது ஒன்றுகூட இல்லை, ஆனால் அதை வைத்து அவரை மட்டம் தட்ட மாட்டேன். அவருடைய 324 வெற்றி, 292 தோல்வியையும் எடுக்க மாட்டேன். 1987-இல் தேசிய லீகிலேயே மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. அவருடையது, 2.76. அந்த வருஷம் அவர் கணக்கில் 8 வெற்றி, 16 தோல்வி. தன் அணி ரன் அடிக்காததற்கு பிட்சர் என்ன செய்வார்?

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் விடுகிறார் என்ற கணக்கு. ஃபீல்டர்கள் தப்பால் வந்த ரன் இதில் சேராது. நம் பௌலிங் சராசரி மாதிரி, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சரி, எது தீர்மானித்தது என்றால் வாக்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு: பேட்டர் ஆடாமல் விட்ட பந்துகளில் நான்கு ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே போயிருந்தால் அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம், இதுதான் வாக். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஒரு ரன்னோடு போச்சு, மறுபடி வீசலாம். இங்கே ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறான், அவனை வெளியே அனுப்பும் வரை அடுத்த பேட்டருக்கு வீசும் ஒவ்வொரு பந்திலும் அவன் நினைப்பு இருந்துகொண்டே இருக்கும். யாரும் அடிக்காமலே, யாரும் ஓடாமலே, பிட்சர் தன் கையால் கொடுக்கும் இலவசம் இது.

ரயன் தன் வாழ்நாளில் கொடுத்த வாக் 2,795. அதுவும் சாதனைதான். இந்த எண்ணைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பெரிதாகத் தோன்றியதில்லை, இவ்வளவு காலம் வீசினவருக்கு இருக்கத்தானே செய்யும் என்று விட்டிருக்கிறேன். பந்தயத்துக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஸ்ட்ரைக்அவுட்டில் அவருக்கு அடுத்த இடம் ராண்டி ஜான்சனுக்கு, 4,875, அதாவது வித்தியாசம் 839. வாக்கில் அடுத்த இடம் ஸ்டீவ் கார்ல்டனுக்கு, 1,833. வித்தியாசம் 962. உலகம் கொண்டாடும் சாதனையில் அவர் எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறாரோ, அதைவிட அதிக தூரம் யாரும் பேசாத இந்தச் சாதனையில் முன்னால் நிற்கிறார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன். பேட்டர் அடித்து பேஸுக்குப் போவதை, அதாவது ஹிட்டை, மட்டும் பார்த்தால் ரயன்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவரிடம் எடுத்த ஹிட் 6.6, பெட்ரோவிடம் 7.1. இவ்வளவு அடிக்க முடியாத ஆள் பெட்ரோ அல்ல, ரயன். ஆனால் வாக்கையும் சேர்த்தால் ரயன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 11.2 பேரை பேஸில் ஏற்றுகிறார், பெட்ரோ 9.5 பேரை. ஹிட்டில் சம்பாதித்த அரை ஆள் லாபத்தை வாக்கில் இரண்டு ஆளாகத் திருப்பிக் கொடுக்கிறார். மாதம் பூராவும் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணி மிச்சம் பிடித்துவிட்டு, கடைசி வாரம் கடன் கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற குடும்பத்தலைவர் மாதிரி.

இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன், எண்களைவிட இவை நன்றாகப் பேசும்.

1974 ஜூன் 14, ரயன் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸில் இருக்கிறார், எதிரே பாஸ்டன். ஒன்பது இன்னிங்ஸில் முடியவில்லை, ஆட்டம் நீள்கிறது. ரயன் இறங்க மறுப்பவர் போல 13 இன்னிங்ஸ் வீசுகிறார், மொத்தம் 235 பந்து. இன்றைக்கு நூறைத் தாண்டினாலே பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து வந்துவிடுவார். 19 ஸ்ட்ரைக்அவுட், அதில் செசில் கூப்பர் ஒருவர் மட்டும் ஆறு முறை. கூடவே 10 வாக். ஏஞ்சல்ஸ் கடைசியில் 15 இன்னிங்ஸில் 4-3 என்று ஜெயித்தார்கள், அப்போது ரயன் மைதானத்தில் இல்லை. மனிதரா இயந்திரமா என்று தோன்றும், அதே நேரம் அந்தப் பத்துப் பேரை நடக்கவிடாமல் இருந்திருந்தால் 235 பந்து எதற்கு என்றும் தோன்றும்.

1999 செப்டம்பர் 10, யாங்கி ஸ்டேடியம், பெட்ரோ பாஸ்டனில். முதல் பேட்டர் சக் நாப்லாக் மேல் பந்து பட்டு பேஸுக்குப் போகிறார், பிறகு பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடப் போய் அவுட்டாகிறார். இரண்டாவது இன்னிங்ஸில் சில்லி டேவிஸ் ஒரு ஹோம் ரன். அவ்வளவுதான், அதற்கப்புறம் யாரும் பேஸ் பக்கம் வரவில்லை. ஒன்பது இன்னிங்ஸ், 120 பந்து, 17 ஸ்ட்ரைக்அவுட், வாக் பூஜ்யம். அந்த வருஷம் உலகத் தொடரை ஜெயித்த அணியை அவர்கள் சொந்த மைதானத்தில் இப்படிச் செய்திருக்கிறார். அந்த சீசன் முழுவதற்கும் 313 ஸ்ட்ரைக்அவுட், 37 வாக். ரயன் 1977-இல் 341 ஸ்ட்ரைக்அவுட், 204 வாக்.

பெட்ரோவின் வீடியோக்களைப் பார்த்தால் ஒன்று தெரியும், அவர் வேகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர் மட்டுமல்ல. அளவில் சின்ன ஆள், 5 அடி 11 அங்குலம் என்று எழுதியிருப்பதையே பலர் நம்புவதில்லை. இந்த உடம்பு தாங்காது என்ற சந்தேகத்தோடுதான் டாட்ஜர்ஸ் அவரை 1993 சீசன் முடிந்ததும் மான்ட்ரியலுக்குக் கொடுத்து டிலைனோ டிஷீல்ட்ஸை வாங்கிக்கொண்டார்கள். அவருடைய சேஞ்ச்அப், அதாவது வேகம் குறைத்து வீசும் பந்து, கை வீச்சைப் பார்த்தால் முழு வேகப் பந்துதான், பேட்டர் மட்டையைச் சுற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும். சுற்றி முடித்த பேட்டரின் முகத்தில் ஒரு கேள்வி நிற்கும் பாருங்கள், அதற்காகவே பார்க்கலாம்.

பெரியவர் இங்கே ஒரு நியாயமான கேள்வி போட்டார். உச்சத்தை வைத்துத்தான் தேர்வு என்றால் சாண்டி கோஃபாக்ஸ் எங்கே? உண்மைதான், 1966-இல் கோஃபாக்ஸின் ஈ.ஆர்.ஏ. 1.73, 2000-இல் பெட்ரோவுடையது 1.74, கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் கோஃபாக்ஸ் வீசிய காலத்தில் பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குலம். 1968-இல் பேட்டர்களால் அடிக்கவே முடியாமல் போய், பாப் கிப்ஸன் 1.12 ஈ.ஆர்.ஏ.வோடு முடித்த பிறகு, அதைப் 10 அங்குலமாக வெட்டினார்கள். பெட்ரோவின் 2000-ஆம் ஆண்டு அதற்கு நேர் எதிர். பந்து பறந்துகொண்டிருந்த காலம், அமெரிக்கன் லீக்கின் சராசரி ஈ.ஆர்.ஏ.வே 4.91. அந்த லீகில் இரண்டாவது இடம் கிளெமன்ஸுக்கு, 3.70. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி! மைதானத்தையும் காலத்தையும் கழித்துப் போடும் ஈ.ஆர்.ஏ.-பிளஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது, 100 என்றால் சராசரி ஆள். கோஃபாக்ஸின் 1966-க்கு 190, பெட்ரோவின் 2000-க்கு 291. மொத்த வாழ்நாளுக்கு எடுத்தால் பெட்ரோ 154, ரயன் 112. இந்த 112-ஐச் சொன்னபோது பெரியவர் நம்பவில்லை. பந்தை எளிதில் வெளியே போகவிடாத ஆஸ்ட்ரோடோமில் ஒன்பது வருஷம் வீசினதையும் அந்தக் கணக்கு பிடித்துக்கொள்கிறது என்று சொல்ல வாய் வந்தது, முழுங்கிவிட்டேன். அவர் இளமை அங்கே இருக்கிறது.

கோஃபாக்ஸ் அந்த வருஷம் 323 இன்னிங்ஸ் வீசினார், பெட்ரோ 217 என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தேர்வின் பலவீனமே இதுதான். ரயன் மொத்தம் 5,386 இன்னிங்ஸ், பெட்ரோ 2,827, பாதிக்குச் சற்று மேல். 200 இன்னிங்ஸைத் தாண்டிய சீசன் பெட்ரோவுக்கு ஏழுதான். நாற்பது வயதைத் தாண்டியும் சராசரிக்கு மேலாக வீசிக்கொண்டே இருப்பது ஒரு திறமை இல்லையா, அதற்கு என்ன விலை போடுவது என்று கேட்டால் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. பட்டியல் அணிக்கு ஆள் எடுப்பதற்கு என்றால், இருபது வருஷத்துக்கு ஒருவர் என்றால், ரயனை எடுத்திருப்பேனோ என்னவோ.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பேரையும் அவரவர் நல்ல நாளில் நான் பார்த்தவன் இல்லை. நான் அமெரிக்கா வந்தது 2006-இல், அப்போது பெட்ரோ நியூயார்க் மெட்ஸ் அணியில், காலும் தோளும் படுத்த ஆரம்பித்துவிட்டன. டிவியில் நான் பார்த்த பெட்ரோ மூளையால் சமாளிக்கும் பெட்ரோ. ரயன் எனக்கு முழுக்க வீடியோவும் காகிதமும்தான். பெரியவருக்கு அந்தப் பந்து கேட்சரின் கிளவுஸில் விழும் சத்தம் தெரியும். அதை நான் எந்த அட்டவணையில் தேடுவது?

பேஸ்பால் ஜாம்பவான்களை ஓட்டுப் போட்டுச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேம் இதில் எனக்கு உதவவே இல்லை, சொல்லப்போனால் எதிர்க்கட்சி. 1999-இல் ரயனுக்கு 497 ஓட்டில் 491, 2015-இல் பெட்ரோவுக்கு 549-இல் 500. ஆனால் அங்கே கேட்கும் கேள்வி வேறு. பத்து சீசன் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனவரை உள்ளே விடலாமா வேண்டாமா, 75 சதவீதம் வந்தால் போதும். ஒருவரை உட்கார வைக்க இன்னொருவரை எழுப்ப வேண்டியதில்லை. என் காகிதத்தில் எழுப்ப வேண்டியிருந்தது.

ரயனின் கடைசி ஆட்டத்தையும் போய்ப் பார்த்தேன், 1993 செப்டம்பர் 22, சியாட்டில். வயது 46. ஒரு ஹிட், பிறகு வரிசையாக வாக், அப்புறம் ஒரு கிராண்ட் ஸ்லாம், மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கிற ஹோம் ரன். ஒரு அவுட்கூட எடுக்கவில்லை. அடுத்த பேட்டருக்கு வீசும்போது முழங்கையில் தசைநார் கிழிகிறது. கிழிந்த கையோடு இன்னொரு பந்து வீசிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, வாக்கில் ஆரம்பித்து வாக்கில் முடிந்த கதை என்று பெரியவரிடம் சொல்லலாம் என்றுதான் தேடிப் பிடித்தேன். பார்த்து முடித்ததும் சொல்ல மனம் வரவில்லை.

போன ஞாயிறு வேலியோரம் நின்று இதையெல்லாம் சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், 839-க்கும் 962-க்கும் கீழே விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார், இன்றைக்கு இரண்டு பேரும் வேறு வேறு மைதானத்தில் வீசுகிறார்கள், உன்னிடம் ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது, எங்கே போவாய்?

ரயனைப் பார்க்கத்தான் என்றேன். காகிதத்தை மட்டும் திருத்தவில்லை. கோயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டுக்காரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். 288-இல் அந்தப் பெயர்ப்பலகை வந்தபோது கொஞ்சம் அதிக நேரம் பார்த்திருப்பேன் போல, "ஏங்க, ரோட்டைப் பாருங்க" என்றாள்.