கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்: சொந்த கிளாஸுக்கு ++ எழுதிப் பார்க்க ஏற்ற இடம்

சி++ மொழியில் சொந்த கிளாஸுக்கு (நாமே உருவாக்கும் டேட்டா வகைக்கு) ++ எனும் ஒன்று கூட்டும் ஆபரேட்டரை எழுதும்போது வரும் சந்தேகங்களை பிரவுசரிலேயே தீர்த்துக்கொள்ள உதவுகிறது கம்பைலர் எக்ஸ்ப்ளோரர். மேட் காட்போல்ட் 2012இல் தொடங்கிய தளம். இலவசம், அக்கவுண்ட்கூடத் தேவையில்லை. இடப்பக்கம் கோட், வலப்பக்கம் அதன் அசெம்பிளி, அதாவது கம்பைலர் அதை மாற்றித் தரும் பிராசஸர் கட்டளைகள். எந்த வரி எதுவாக மாறியது என்று நிறம் காட்டிக்கொடுக்கும்.

கிழமை என்றொரு கிளாஸ்; உள்ளே 0 (ஞாயிறு) முதல் 6 (சனி) வரை ஒரு இன்ட், அதாவது முழு எண். ப்ரீஃபிக்ஸ் (++அ) ஆபரேட்டர்++() ஒன்றைக் கூட்டி, 7ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொண்டு, தன்னையே ரெஃபரன்ஸாக (காப்பி எடுக்காமல்) தர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் (அ++) ஆபரேட்டர்++(இன்ட்) முதலில் பழையதை காப்பி எடுத்து, ப்ரீஃபிக்ஸை அழைத்து, அந்த காப்பியை மதிப்பாகத் தர வேண்டும். அடைப்புக்குள் உள்ள இன்ட், இரண்டையும் பிரித்துக் காட்டும் வெறும் அடையாளம்தான்.

போஸ்ட்ஃபிக்ஸ் எழுத மறந்து அ++ என்று போட்டால் ஜிசிசி என்ற கம்பைலர், ஆபரேட்டர்++(இன்ட்) இல்லை என்று நேராகவே சொல்லிவிடும். போஸ்ட்ஃபிக்ஸுக்குள் ++(*திஸ்) (*திஸ் என்பது அந்த ஆப்ஜெக்ட்டேதான்) என்பதற்குப் பதில் (*திஸ்)++ என்று எழுதினால் தன்னைத்தானே முடிவில்லாமல் அழைக்கும். எச்சரிக்கைகளை இயக்கும் -டபிள்யூஆல் ஆப்ஷனைக் கொடுத்திருந்தால் ஜிசிசி 12 முதல் எச்சரிக்கை வரும். ஆபத்தானது மூன்றாவது தவறு: போஸ்ட்ஃபிக்ஸும் *திஸ்ஸையே ரெஃபரன்ஸாகத் தருவது. -டபிள்யூஆல் கொடுத்தாலும் எச்சரிக்கை வராது. சனியில் இருக்கும் அ++ஐ ஆ என்ற வேரியபிளில் வாங்கினால் சனி வர வேண்டிய இடத்தில் ஞாயிறு வந்து நிற்கும். கோடை ஓட்டி விடையைக் காட்டும் எக்ஸிகியூஷன் பேனை (திரையின் ஒரு பகுதி) திறந்து அ, ஆ இரண்டையும் அச்சிட்டால்தான் பிடிபடும். இந்த பேனுக்காகவே இத்தளத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

ப்ரீஃபிக்ஸ்தான் வேகம் என்பதையும் இங்கே சோதிக்கலாம். ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸில் காப்பி தெளிவாகத் தெரியும். கோடை வேகமாக்கும் -ஓ2 ஆப்ஷனைக் கொடுத்து, திரும்பி வரும் மதிப்பைப் பயன்படுத்தாமல் விட்டால், கிழமை போன்ற சின்ன கிளாஸுக்கு இரண்டும் ஒரே அசெம்பிளிதான். உள்ளே வெக்டர் (நீளம் மாறக்கூடிய பட்டியல்) இருந்தால் கதை வேறு. காப்பிக்கான மெமரி ஒதுக்கீடு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

புதியவர்கள் தடுமாறுவது வலப்பக்கம் காலியாக இருக்கும்போது. கிளாஸுக்குள்ளேயே எழுதிய ஃபங்ஷனை யாரும் அழைக்காவிட்டால் கம்பைலர் அதற்கு அசெம்பிளி தராது. கிழமையை ரெஃபரன்ஸாக வாங்கி ++ செய்யும் தனி ஃபங்ஷன் ஒன்றை வெளியே எழுதுங்கள். மெயினுக்குள் வைத்தால் -ஓ2 எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒற்றை எண்ணாக்கிவிடும்.

மொபைலில் பேன்கள் நெருக்கியடிக்கும்; லேப்டாப்பில் திறப்பதே நல்லது. ஷேரில் ஷார்ட் லிங்க் எடுத்தால் கோட் தளத்தின் சர்வரில் சேமிக்கப்படும் என்பதால் ஆபீஸ் கோடை இங்கே ஒட்டாதீர்கள்.