வெள்ளைச் செம்பா, எனாமலா? பழைய சீன நீர்ப்புகைக் குழாய் வாங்கும்போது

பழம்பொருள் கடைக்காரர்கள் பலர் இதை "அபின் குழாய்" என்று சொல்லித்தான் எடுத்து நீட்டுவார்கள். அபின் என்றாலே விலைக்கு ஒரு கிறக்கம் வந்துவிடுகிறது. உண்மையில் இதில் அபின் பிடிக்க முடியாது. அபினை விளக்குச் சூட்டில் ஆவியாக்கி இழுக்க வேண்டும். அதற்கு நீண்ட மூங்கில் தண்டும் சிறு துளையுள்ள குமிழும் தேவை. கொக்குக் கழுத்தாக வளைந்த குழாயும் அடியில் தண்ணீர்க் குடுவையும் உள்ள இந்தச் சாமான் புகையிலைக்கானது. சீனத்தில் ஷுய்யான்டாய் என்பார்கள். சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் சீனாவை ஆண்ட பேரரசி சிஷியும் இதைப் பிடித்தவர்தான். இதில் வைக்கும், மெல்லிய இழையாகச் சீவிய புகையிலைக்கு வடமேற்குச் சீன நகரமான லான்சோ பேர்போனது.

மூங்கில் தண்டில் சிறு உலோகக் கிண்ணம் பொருத்திய உலர்குழாயும் சந்தையில் கிடைக்கும். உழவர்கள் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிந்தது அது. அழகுதான், ஆனால் பார்க்க அதிகமில்லை. உண்மையான போட்டி நீர்க்குழாய்களுக்குள்தான்.

முதல் வகை வெள்ளைச் செம்பில் செய்தது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் இது. இதைப் போலச் செய்ய ஐரோப்பியர்கள் நெடுநாள் முயன்று, 1823 வாக்கில் ஜெர்மனியில் வெற்றி கண்டார்கள். நம் வீட்டு ஜெர்மன் சில்வர் தட்டின் மூதாதை இதுதான். மேலே பூவோ எழுத்தோ கோடாகச் செதுக்கியிருக்கும். மற்றபடி வெறும் மேனி.

இரண்டாவது எனாமல் வேலை. செம்பின் மேல் மெல்லிய கம்பிகளை ஒட்டிச் சிறு அறைகள் கட்டி, வண்ணக் குழம்பை நிரப்பிச் சுட்டுத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மிங் பேரரசர் ஜிங்தாயின் (1450–1457) பெயரால் ஜிங்தாய்லான் என்று வழங்கும் கலை. கண்ணாடி அலமாரியில் வைத்தால் நீலமும் பச்சையும் கண்ணை இழுக்கும். அடியில் ஆங்கிலத்தில் "சைனா" என்ற முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு ஏற்றுமதிக்காகச் செய்தது. இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது.

என் ஓட்டு வெள்ளைச் செம்புக்கு. எனாமல் உதிர்ந்த இடத்தில் வண்ணப் பிசினை நிரப்பி ஏமாற்றுவது எளிது. சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். கடை விளக்கில் அதைப் பார்ப்பது அரிது. வெள்ளைச் செம்பில் சோதனை சுலபம். விரல் பட்டுத் தேய்ந்த விளிம்பைப் பாருங்கள். மஞ்சள் எட்டிப் பார்த்தால் அது நிக்கல் முலாம் பூசிய பித்தளை. நிறம் மாறாவிட்டால் நல்ல அறிகுறி.

புகையிலை வைக்கும் சிறு கிண்ணத்தோடு கூடிய, கழற்றக்கூடிய கிண்ணக் குழாயையும் உருவிப் பாருங்கள். ஒரு சிட்டிகைப் புகையிலையை இரண்டு மூன்று இழுப்பில் முடித்ததும் இதைத் தூக்கிச் சாம்பலை ஊதித் தள்ளுவார்கள். ஓராண்டு புழங்கினாலே இது ஆயிரம் முறை ஏறி இறங்கியிருக்கும். அதனால் உண்மையில் புழங்கியதில், இது செருகும் துளையின் உட்பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அலமாரிக்கென்றே செய்ததில் புதுக் கரகரப்பு அப்படியே இருக்கும்.

நான் வாங்கியதில் இடுக்கியும் துடைப்புத் தூரிகையும் காணவில்லை; அவை செருகும் துளைகள் மட்டும் காலியாக இருந்தன. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னேன். கடைக்காரர் குறைத்தது கொஞ்சம்தான். ஆனால் குழாயை உருவியபோது புகையிலை நெடி இன்னும் லேசாக வந்தது. அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.