14416-ஆ, மனநல ஓ.பி.யா, சக ஊழியர்களா? ராமநாதபுரம் கடலோரச் சுகாதாரப் பணியாளர்களுக்கு எது உதவும்?

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், 108 வண்டியில் வருபவர், மண்டபம் முகாமில் அகதிகளின் துயரத்தைக் கேட்கும் சமூகப் பணியாளர். இவர்களுக்கே மனசு உடைந்தால் எங்கே போவது? எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: அங்கே போனால் யாருக்கெல்லாம் தெரியும்?

இந்தக் கேள்வியில் 14416 ஜெயிக்கிறது. 2022 அக்டோபரில் வந்த, போனில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் எண் இது. காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நைட் டூட்டி முடிந்து தூக்கம் வராத நேரத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். ஆனால் அடுத்த முறை வேறு ஒருவர் எடுத்தால், பிரசவத்தில் ஒரு தாயை இழந்த கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும். அது கொடுமை.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் போன் போதாது, மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை இருக்கிறது, மருந்துக்கும் செலவில்லை. சிக்கல் என்னவென்றால், ஓ.பி. சீட்டு போடுபவர், மருந்து கொடுப்பவர், வரிசையில் நிற்பவர் என எல்லாரும் தெரிந்த முகம். 2017 மனநலச் சட்டம் ரகசியத்துக்கு உரிமை தருகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை யார் மறைப்பது? 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. மனநோய் என்றாலே இங்கே ஒரு பயம் இருக்கிறது, வெள்ளைக் கோட்டு போட்டவருக்கும் அது உண்டு.

அப்புறம், சக ஊழியர்கள். அதே வேலையின் பாரம் தெரிந்தவர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் மேலதிகாரி முன்னால் யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள். நாலைந்து பேர் தனியாகக் கூட வேண்டும், பேசியது வெளியே போகக் கூடாது. யாராவது உயிரை விடும் எண்ணத்தைச் சொன்னால் அவரைத் தனியே விடாமல், அப்போதே 14416-ஐ அழைக்க வேண்டும் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

நான் இப்படி வைப்பேன்: இன்றைய இரவுக்கு போன், தொடரும் துன்பத்துக்கு மருத்துவர், மாதந்தோறும் சக ஊழியர்கள். நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊழியர்களுக்கென்று மாலையில் தனி ஓ.பி. நேரம் ஒதுக்கி, அதை டூட்டியாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.